அம்மணியின் வெந்நீர்க் குழாய்

1994 நவம்பர் 9, புதன்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். தூறல். ஐந்தாவது நாளாக வெயில் கிடையாது. வாசலில் பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்தவன் நிமிர்வதற்குள் அவள் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் ஒரு உரப் பையை முக்காடாக மடித்துப் போட்டிருந்தாள்.

“ஏனுங்க மாமா, உங்க செவுத்துல ரெண்டே ரெண்டு ஓட்டை போட்டுக்கட்டுங்களா?”

இன்னும் பல்கூடத் துலக்காத ஒருவனிடம் கேட்கிற கேள்வியா இது? “கூடாது” என்றேன்.

“செரிங்க மாமா” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

என் வீட்டுக்குப் பின்னால் அவள் பட்டறை வைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவளுடைய ‘செரிங்க’வை நான் நன்றாக அறிவேன்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டால் ‘செரிங்க மாமா’ என்பாள். அதனால்தான் எழுதவில்லை. நான் அவளை அம்மணி என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் மகள் வயதுள்ள யாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அதை வைத்து அவளை யாரும் கண்டுபிடித்துவிட முடியாது.

பீளமேட்டில் என் வீட்டுக் கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு செட் இருக்கிறது. இருபத்தாறு அடிக்குப் பதினான்கு அடி. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கட்டியது. மில்லில் எனக்கு டைம் ஆபீஸில் வேலை. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று முப்பத்தொரு வருடம் எண்ணினேன். எண்ணுவதற்கு ஆட்கள் இல்லாமல் போனதும் மற்றதை எண்ண ஆரம்பித்தேன். தென்னையில் குலைகள், தெருவில் நாய்கள், என் மனைவி ஒரு நாளில் ‘ஏனுங்க’ என்று என்னைக் கூப்பிடும் தடவைகள்.

அந்தச் செட்டில் அம்மணி மோட்டார் காயில் கட்டும் பட்டறை நடத்தினாள். கிரைண்டர் கம்பெனி ஒன்று இரும்பு வளையங்களைக் கொடுத்தனுப்பும். அவற்றின் காடிப் பள்ளங்களில் செப்புக் கம்பிச் சுருள்களைச் சொருகி, வார்னிஷில் முக்கி, காயவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாவாட்டும்போது கிரைண்டருக்கு அடியில் ஒன்று உறுமுகிறதே, அதன் குடல் இதுதான். ஒன்பது பெண்கள் வேலை செய்தார்கள். அவளையும் சேர்த்தால் பத்து.

ஒரு விஷயத்தில் நானும் அவளும் ஒரே ரகம். அவளும் எண்ணுவாள். கம்பி சுற்றும் கைமெஷினில் சுற்றுகளைக் காட்டும் முள் எப்போதோ ஒடிந்துபோயிருந்தது. அதனால் வாயால் எண்ணுவாள். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். அந்த நேரம் பார்த்து நான் போய், வாசலில் செருப்பு இறைந்து கிடக்கிறது, குழாயை யாரோ சரியாக மூடவில்லை என்று ஏதாவது சொல்வேன். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் ‘செரிங்க மாமா’வை வைத்துவிட்டு மேலே எண்ணிக்கொண்டு போவாள். இப்படி எண்ணினால் கணக்குத் தப்பாமல் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். ஒரு நாள் ஒரு சுருளை வீட்டுக்கு எடுத்துவந்து, கட்டிலில் உட்கார்ந்து பிரித்து எண்ணினேன். அவள் சொன்ன கணக்கு அப்படியே இருந்தது. ஆனால் பிரித்ததைத் திரும்பச் சுற்ற முடியவில்லை. அலமாரியில் ஒளித்து வைத்தேன்.

மறுநாள் குழாயடியில் என்னைப் பார்த்து, “கணக்கு செரியா இருந்துதுங்களா மாமா?” என்று கேட்டாள். அவ்வளவுதான்.

அவளுடைய வீட்டுக்காரர் வடநாட்டுக்கு லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் நான்கு நாள் ஊரில் இருந்தால் அதிகம். அவருடைய அண்ணன் வருடத்துக்கு மூன்று தடவை தாராபுரத்திலிருந்து வருவார். பட்டறை நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, “பொம்பளைக்கு எதுக்கம்மா இந்த மோட்டார் வேல? வித்துப்போட்டு ஊருக்கு வந்துரு. ரெண்டு எருமை வாங்கித் தாரேன்” என்பார்.

“செரிங்க.”

அவருக்கு நாட்டுக்கோழிக் குழம்பு வைத்துச் சோறு போட்டு, தாராபுரம் பஸ்ஸில் சீட்டுப் பிடித்து உட்கார வைத்துவிட்டு வருவாள். ஒவ்வொரு தடவையும் அவர் ஜெயித்துவிட்டுத்தான் திரும்பிப் போனார். எனக்குத் தெரிந்து ஒன்பது தடவை ஜெயித்தார். எருமை வரவில்லை, பட்டறையும் போகவில்லை.

அவள் யாரையும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. யார் சொன்னபடியும் நடந்து பார்த்ததுமில்லை. அந்த டிசம்பர் வரை என் எண்ணம் இப்படித்தான் இருந்தது.

ஓட்டை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். வார்னிஷில் முக்கிய காயில் நன்றாகக் காய வேண்டும். வெயில் காலத்தில் கவலையில்லை. தகரத்தைப் போட்டு வரிசையாக அடுக்கிவிடுவாள், சாயங்காலத்துக்குள் முறுக்கு மாதிரி ஆகிவிடும். மழைக்காலத்தில் ஈரம் உள்ளேயே தங்கும். ஈரம் தங்கிய மோட்டார் ஷாக் அடிக்கும். அந்த ஐப்பசியில் நாற்பது மோட்டார் அப்படித் திரும்பி வந்தது. மாவு வழிக்கப் போன ஒரு அம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டதாம்.

கம்பெனி சூப்பர்வைசர் ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினார். “அடுத்த லாட் அறுபதுங்க. டிசம்பர் அஞ்சாந்தேதி நானே வந்து ஒண்ணொண்ணா டெஸ்ட் பண்ணுவேன். அஞ்சு பெயிலாச்சுன்னா அதோட முடிஞ்சுதுங்க. வேலைய வேற பக்கம் தாட்டி விட்டுருவோம்.”

“செரிங்க” என்றாள். ஆனால் இந்தச் செரிங்கவை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? அவளுக்கு வேறு கம்பெனி கிடையாது. பத்துப் பேருடைய சோறும் அந்த அறுபது மோட்டாரில் இருந்தது.

மரப்பெட்டிக்குள் பெரிய பல்புகளை எரியவிட்டுக் காயவைத்துப் பார்த்தாள். பாதி நாள் கரண்ட் இல்லை. கரண்ட் இருந்த நாட்களுக்கு வந்த பில்லைப் பார்த்து எனக்கே தலை சுற்றியது. கரி அடுப்பை உள்ளே வைக்கலாம் என்றால் வார்னிஷில் கலக்கும் தின்னர் பெட்ரோலுக்கு அண்ணன். பக்கத்துத் தெருவில் ஒருவர் அப்படி வைத்து, கூரை ஓடுகள் எங்கள் தெருவில் வந்து விழுந்தன. நான் போய்க் கண்டிப்பாகச் சொன்னேன்.

“அம்மணி, செட்டுக்குள்ள ஒரு பொறி நெருப்பு வரக்கூடாது.”

“செரிங்க மாமா.”

இது நடந்த மூன்றாவது நாள்தான் அந்தப் புதன்கிழமை.

அன்று பொழுதோடு காதர் பாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பாய் கோட்டைமேட்டுக்காரர். குண்டாவுக்கு ஈயம் பூசுவது முதல் பஸ் ரேடியேட்டர் ஒட்டுவது வரை செப்பில் ஆகவேண்டிய எந்த வேலையும் அவருக்குத் தெரியும். அதைவிட அதிகமாகப் பேசத் தெரியும். இரண்டு பேரும் என்னைக் கொல்லைக்கு அழைத்துப்போனார்கள்.

“நெருப்பு வெளிய இருக்குமுங்க மாமா. சூடு மட்டும் உள்ள போவுமுங்க” என்றாள்.

கொல்லை, செட்டின் தரையைவிட மூன்றடி பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு தண்ணீர் பாய்லர். அதன் உச்சியிலிருந்து ஒரு இரும்புக் குழாய் கிளம்பி, செட்டின் ஓரத்தில் தடுத்திருந்த சின்ன அறைக்குள் நுழைந்து, நாலு சுவரையும் சுற்றிச் சரிவாக இறங்கி, வெளியே வந்து, பாய்லரின் அடியில் சேரும். அறைக்குள் காயில்களை அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டால் போதும்.

“தண்ணிய மேல ஏத்த பம்பு வேணுமே. கரண்டுக்கு எங்க போறது? ஏற்கெனவே மீட்டர் காத்தாடி மாதிரி சுத்துது. பம்பு கூடாது” என்றேன்.

“செரிங்க. பம்பு வேண்டாமுங்க. சூடான தண்ணிக்கு கனம் கொறைவுங்க மாமா. பச்சத்தண்ணி அடியில பூந்து அத மேல தள்ளிப்போடும். நம்ம ஊட்டு பாய்லர்ல மேல தொட்டா கை சுடுது, அடியில கொழாயத் தொறந்தா பச்சத்தண்ணி வருதல்லங்க?”

“செவுத்துல ஓட்டை கூடாது.”

“அதான் காலைலயே சொல்லிப்போட்டீங்களே” என்றாள், ஏதோ நான் திருப்பித் திருப்பிச் சொல்வதைப் போல.

மறுநாள் பார்த்தால் அந்த அறையின் வெண்டிலேட்டரில் ஒரு கண்ணாடியைக் கழற்றி அதன் வழியாகக் குழாய் உள்ளே போயிருந்தது. திரும்பி வரும் குழாய், தரை கழுவும் தண்ணீர் வெளியேற நான் விட்டிருந்த பொந்து வழியாக வந்திருந்தது. சுவரை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

எனக்கு மில் ஞாபகம். மில் பாய்லரைப் பார்க்க வருடா வருடம் இன்ஸ்பெக்டர் வருவார். அவர் வருகிற அன்று பெரிய அதிகாரிகளே மெதுவாகத்தான் பேசுவார்கள். பாய்லர் என்றாலே வெடிப்பதற்காகக் காத்திருக்கும் ஒன்று என்று என் மனதில் பதிந்துபோயிருந்தது. என் கட்டில் அந்தக் கொல்லைச் சுவரை ஒட்டி இருந்தது. ஒரு ராத்திரியில் எத்தனை தடவை புரண்டேன் என்பதை எண்ணி வைத்திருக்கிறேன். இங்கே வேண்டாம்.

“வெடிச்சுதுன்னா என்ற தலைமாட்டுலதான் வெடிக்கும் அம்மணி.”

“வாய் தொறந்திருக்கற பாத்திரம் எப்புடிங்க மாமா வெடிக்கும்?” என்று மேலே கையைக் காட்டினாள். குழாயின் உச்சியில், கூரைக்குப் பக்கத்தில், மூடியில்லாத ஒரு எண்ணெய் டின்னை வைத்து இணைத்திருந்தார்கள். தண்ணீர் பொங்கினால் அதில் ஏறும், தணிந்தால் இறங்கும். ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் தினமும் அதில்தான் ஊற்ற வேண்டும்.

“எந்தத் தண்ணி ஊத்துவே?” என்றேன்.

குழாயை முடுக்கிக்கொண்டிருந்த காதர் பாயும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் புரியாது. கோயம்புத்தூரில் தண்ணீர் இரண்டு வகை. சிறுவாணி ஒன்று, மற்றதெல்லாம் இரண்டு. சிறுவாணி நாலு நாளைக்கு ஒரு முறை குழாயில் வரும். அதைக் குடத்தில் பிடித்து, துணி கட்டி, சாமி அறைக்கு அடுத்த இடத்தில் வைப்போம். வந்த விருந்தாளி காப்பியைப் பாராட்டாவிட்டால் பொறுத்துக்கொள்வோம், தண்ணீரைப் பாராட்டாவிட்டால் மனசு விட்டுப்போகும். குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் போர் தண்ணீர். அது உப்பு.

“சிறுவாணியில ஒரு சொட்டு தொடக் கூடாது” என்றேன்.

“சேச்சே, அதப் போய்த் தொடுவாங்களாங்க!” என்று காதர் பாய் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “சிறுவாணிய எவனாச்சும் பைப்புல உட்டுக் கொதிக்க வெப்பானா? போர் தண்ணியே போதுங்க சார்.”

“செரிங்க மாமா” என்றாள் அவளும். அந்த ஒரு செரிங்க மட்டும் எனக்கு நம்பிக்கையாக ஒலித்தது.

அதற்குப் பிறகு என் ஆட்சேபணைகள் பெருகின. கொல்லைக் கொடியில் என் மனைவி துணி காயப்போடுவாள், புகை படக்கூடாது என்றேன். பழைய போர் குழாய் ஒன்றைக் காயலான் கடையில் பிடித்து, என் தென்னையின் பாதி உயரத்துக்குப் புகைபோக்கி நட்டாள். விறகு அடுக்கினால் கரையான் வரும், கூடாது என்றேன். தேங்காய்த் தொட்டியை, அதாவது கொட்டாங்கச்சியை, மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினாள். காலையில் இறங்குவது சாயங்காலத்துக்குள் எரிந்துவிடும். கரையானுக்கு அவகாசமே இல்லை.

பாய்லர் எங்கிருந்து வந்தது என்பதை என் மனைவிதான் கண்டுபிடித்தாள்.

“ஏனுங்க, இங்க வாங்க. அது அவ சீர்ல வந்த பாய்லருங்க! பேர் வெட்டியிருக்குது பாருங்க.”

உண்மைதான். கல்யாணச் சீரில் கொடுக்கும் செப்புப் பாய்லர். அதையெல்லாம் எங்கள் பக்கம் யாரும் அடுப்பில் ஏற்றுவதில்லை. அட்டாலிப் பரணில் ஏற்றி, பொங்கலுக்குப் பொங்கல் இறக்கிப் புளி போட்டு விளக்கி, மறுபடி ஏற்றிவிடுவோம். அதன் உச்சியில் ஒன்றும் அடியில் ஒன்றுமாகத் துளை போட்டு, காதர் பாய் குழாயை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அட கண்ணு, சீர்ச் சாமானையா அறுத்துப்போட்டே! உங்கம்மா கேட்டா என்னன்னு சொல்லுவே?” என்றாள் என் மனைவி.

“அட்டாலியில பதினாலு வருசமா சும்மா குந்தியிருந்துதுங்க அத்தை. வேலைக்கு அனுப்பிப்போட்டேன்.”

முதன்முதலாகத் தீ மூட்டிய அன்று நான் தெருக்கோடியில் போய் நின்றுகொண்டேன். ஒரு மணி நேரம் ஒன்றும் வெடிக்கவில்லை. திரும்பி வந்தேன். அறைக்குள் பெண்கள் ஒன்பது பேரும் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். சூடு எதுவரை வந்துவிட்டது என்று ஒருத்தி அடுத்தவளுக்குச் சொல்ல, அவள் அதற்கடுத்தவளுக்குச் சொல்ல, கடைசியில் நின்ற பெண் “வந்துருச்சுங்கக்கா!” என்று கத்தினாள். பம்பு இல்லை, கரண்ட் இல்லை. தண்ணீர் தானாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது. புகைபோக்கி உயரமாக இருந்ததால் அடுப்பு ‘உஸ்’ என்று காற்றை இழுத்து நன்றாக எரிந்தது.

இரண்டாம் நாளே பெண்கள் தூக்குப்போசிகளைக் குழாயின் மேல் வைக்க ஆரம்பித்தார்கள். மத்தியானம் எல்லோருக்கும் சூடான சோறு. மூன்றாம் நாள் அதில் என் மனைவியின் உள்பாவாடை காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, “மழையில எங்க போய்க் காயப்போடறதுங்க?” என்றாள். கட்சி மாறிவிட்டாள் என்று புரிந்தது.

அறுபது மோட்டார். இரண்டு தடவை வார்னிஷில் முக்கியாகிவிட்டது. இரண்டாவது பூச்சு காய்ந்துகொண்டிருந்தது. டிசம்பர் 3, சனிக்கிழமை, காலை எட்டரை மணி. பாய்லரிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம், வயிற்றில் கல்லைப் போட்டு உருட்டுவதைப் போல. மேலே எண்ணெய் டின் கொதித்துப் பொங்கி வெந்நீரைத் துப்பியது. அறைக்குள் ஓடிப்போய்க் குழாயைத் தொட்டால் பாதிக்குமேல் பச்சைத் தண்ணீராக இருந்தது. சுற்று நின்றுபோயிருந்தது.

“அணைச்சுப்போடு அம்மணி! மொதல்ல நெருப்ப அணை!” என்று கத்தினேன்.

“செரிங்க மாமா.”

பக்கெட் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினாள். அணைந்துவிட்டது. இதில் ஏதோ தந்திரம் இருக்கிறது, இன்னொரு பக்கம் புதிதாக ஒன்றைப் பற்றவைப்பாள் என்று பார்த்தேன். அவள் துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். உதடு அசையவில்லை. மூன்று வருடத்தில் உதடு அசையாமல் அவள் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

காதர் பாய் வந்து அடிக் குழாய் வளையும் இடத்திலிருந்த ‘முழங்கை’த் துண்டைக் கழற்றினார். உள்ளே சுண்ணாம்பாக வெள்ளைக் கல். ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துவாரம் மிச்சம்.

“உப்புத் தண்ணிங்க. காயக் காயக் கல்லாக் கட்டிப்போச்சு. தட்டி எடுத்துப்போட்டு மறுபடி அதையே ஊத்துனா ரெண்டு நாளு தாங்குமான்னு சொல்ல முடியாதுங்க” என்றார்.

அறுபது காயிலுக்கும் இன்னும் இரண்டு நாள் சூடு வேண்டும். வானம் மூடிக்கிடந்தது. நாலைந்து நாளாக விடாமல் பெய்த மழை, கூரைத் தண்ணீரையாவது பிடிக்கலாம் என்று நாங்கள் அண்ணாந்து பார்த்தபோது வேண்டுமென்றே நின்றிருந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வாசலுக்கு வந்து நின்றார்கள்.

“ஊட்டுக்குப் போங்க கண்ணுகளா. திங்கக்கெழம பாத்துக்கலாம்” என்றாள் அவள்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

“என்ன அம்மணி, அவ்வளவுதானா?”

“நீங்கதானுங்க மாமா அணைக்கச் சொன்னீங்க.”

“நான் சொன்னா? நான் சொல்லி நீ எப்ப கேட்டிருக்கே?”

பெண்களில் யாரோ சிரித்துவிட்டாள். காதர் பாய் கையிலிருந்த முழங்கையைத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்னங்க சார் இப்படிச் சொல்லிப்போட்டீங்க? நெருப்பு உள்ள ஆகாதுன்னீங்க, அதனாலதான இந்த வெந்நி ரோசனையே வந்துது. செவுத்துல ஓட்டை வேண்டாம்னீங்க. பைப்பு வெண்டிலேட்டருக்கு ஏறுச்சு. அந்த ஒசரத்துக்கு ஏறுனதாலதான் பம்பில்லாம ஓடுது. நான் மொதல்ல செவுத்து நடுவுலதான் உடச் சொன்னேன், ஓடியிருக்காது. பொகை ஆகாதுன்னீங்க, அடுப்பு இழுக்குது. வெறகு ஆகாதுன்னீங்க, தொட்டி நின்னு எரியுது. ஒரு வார்த்தை உடாம கேட்டிருக்குது அந்தப் புள்ள. கடைசீல சிறுவாணி ஆகாதுன்னீங்க.” முழங்கையைக் காலால் நகர்த்தினார். “நானுந்தான் சொன்னேன். அதையும் கேட்டுது.”

நான் அண்ணாந்து குழாயைப் பார்த்தேன். அது கிளம்பி, ஏறி, வெண்டிலேட்டரில் நுழைந்து, பொந்தில் வெளியே வந்து, தன் இடத்துக்குத் திரும்பி வந்திருந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் நான் சொன்ன ‘கூடாது’தான். இத்தனை நாள் அவள் என்னைச் சுற்றிக்கொண்டு போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

அப்போது என் மனைவி சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் புளிப் பானை.

“செப்புல கட்டுன உப்புக்குப் புளிதான. கரைச்சு ஊத்திக் கொதிக்க உடுங்க பாய். எல்லாத்தையும் அரிச்சுக்கிட்டு வரும்” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, அப்புறம் ஊத்தறதுக்குத் தண்ணி?”

அன்று விடிகாலையில்தான் சிறுவாணி வந்திருந்தது. துணி கட்டிய குடங்கள் வரிசையாக இருந்தன. இனி நாலு நாள் கழித்துத்தான் வரும். வீட்டுக்குள் போய் அவற்றின் எதிரில் கொஞ்ச நேரம் நின்றேன். கணக்குப் போட்டேன். பாய்லருக்கு, குழாய்க்கு, டின்னுக்கு, அலசி ஊற்ற.

“ஏழு குடம் எடுத்துக்கோ அம்மணி. எட்டாவது கெடையாது” என்று வெளியே வந்து சொன்னேன்.

அவள் கல்லைவிட்டு எழுந்தாள். “செரிங்க மாமா” என்றாள். உதடு அசைய ஆரம்பித்துவிட்டது. ஒன்று, இரண்டு என்று குடங்களை எண்ணித்தான் தூக்கிப் போனாள். நானும் எண்ணினேன்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் புளித்தண்ணீர் ரசம் மாதிரி கொதித்து வெளியே வந்தது, வெள்ளைக் கல் பொடிப்பொடியாக. மூன்றரைக்குச் சிறுவாணி உள்ளே போனது. நாலரைக்குக் கடைசியில் நின்ற பெண் “வந்துருச்சுங்கக்கா!” என்றாள். இந்தத் தடவை நான் தெருக்கோடிக்குப் போகவில்லை. அவளுக்கு முன்னால் நின்றிருந்தது நான்தான். சூடு எனக்கு வந்ததை அவளுக்குச் சொன்னதும் நான்தான்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் வந்தார். கம்பியிலிருந்து இரும்புக்குக் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் பெட்டியைத் திறந்து, கைப்பிடியைச் சுற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தார். அம்மணி அன்று காயில் சுற்றவில்லை. ஆனால் உதடு அசைந்துகொண்டே இருந்தது. முப்பது. நாற்பத்தைந்து. ஐம்பத்தொன்பது வரை முள் நன்றாக ஏறியது. அறுபதாவதற்கு ஏறவில்லை. அவர் இன்னொரு தடவை சுற்றினார், அப்போதும் ஏறவில்லை. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, “ஒண்ணுதானுங்க. போச்சாது, உடுங்க” என்றார். போகும்போது வெந்நீர்க் குழாயை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “இதெல்லாம் ரொம்ப நாளைக்கு ஆகாதுங்க. ஒரு எலெக்ட்ரிக் ஓவன் வாங்கிப்போடுங்க.”

“செரிங்க” என்றாள்.

நாலு மழைக்காலம் அந்தக் குழாயிலேயே ஓட்டினாள். ஊற்றுவதற்கு மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. சிறுவாணியை அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

1998இல் அவிநாசி ரோட்டுப் பக்கம் பெரிய இடமாகக் கிடைத்தது. ஓவனும் வாங்கியிருந்தாள், தன் இஷ்டத்துக்கு. அதைச் சொல்ல வந்த அன்று, “இங்கயே வெச்சுக்கலாமே அம்மணி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றேன்.

“செரிங்க மாமா.”

எந்த வகைச் செரிங்க என்று எனக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை டெம்போ வந்தது. குழாயைக் கழற்றினார்கள், புகைபோக்கியைப் பிடுங்கினார்கள். செப்புப் பாய்லரின் இரண்டு துளையையும் காதர் பாய் அடைத்துக் கொடுத்தார். ஓய்வு பெற்று அது மறுபடி அட்டாலிக்குப் போயிற்று. நான் கேட்காமலே கொல்லையைப் பெருக்கிவிட்டு, சுவரை ஒரு தடவை துடைத்துவிட்டுப் போனாள்.

வெண்டிலேட்டரில் கழற்றிய கண்ணாடி ஒன்றுதான் பாக்கி. அது எப்போதோ உடைந்துபோயிருந்தது. புதிதாகப் போட்டுக் கொடுக்க ஆள் அனுப்பினாள். இன்றைக்கு நாள் நன்றாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன். மறுபடி அனுப்பினாள். அளவெடுக்க டேப் இல்லை என்றேன். கடைசியில் போனில் கூப்பிட்டாள்.

“ஏனுங்க மாமா, கண்ணாடி இன்னும் போடலீங்களாமா? மழ பேஞ்சா உள்ள அடிக்குமுங்களே. நாளைக்கு ஆள் வருவானுங்க, போட்டுக்குங்க.”

“செரி அம்மணி” என்றேன்.

கண்ணாடி இன்னமும் போடவில்லை. ஆகவே அதற்கு விசாரித்து வைத்த பதினெட்டு ரூபாயைச் செலவில் சேர்க்க முடியாது. புளி என் மனைவியுடையது, அவள் கணக்கு தனி. ஆக மொத்தம் எனக்கு ஆன செலவு ஏழு குடம் சிறுவாணித் தண்ணீர்.

எட்டு என்கிறாள் என் மனைவி. நான் பார்க்காதபோது ஒன்று கொடுத்தாளாம்.